கர்ப்பகால வயிற்றுக்கு ஒரு டைம்டேபிள்

கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் சொல்வது "இதைச் சாப்பிடு, அதைத் தொடாதே" என்பதுதான். எதைச் சாப்பிடுவது என்பதற்கு ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆனால் எப்போது சாப்பிடுவது, ஒரு வேளைக்கு எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எப்படி உட்காருவது, எந்த மாத்திரைக்கும் எந்த மாத்திரைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது, இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. இரண்டு கர்ப்பத்திலும் குமட்டல், நெஞ்செரிச்சல், உப்புசம், மலச்சிக்கல் என்று வரிசையாகப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு உதவியதில் முக்கால்வாசி இந்த எப்போது, எவ்வளவு சமாச்சாரம்தான். தட்டில் இருப்பதை மாற்றியதைவிடக் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டதில்தான் வயிறு அடங்கியது.

இது ஏன் என்று புரிய புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பப்பை தசையால் ஆன பை. குழந்தை வளர்ந்து முடிவதற்குள் அது சுருங்கத் தொடங்கிவிட்டால் காரியம் கெட்டுவிடும், அதனால் அந்தத் தசையைத் தளர்த்தி வைக்கிற வேலையை இந்த ஹார்மோன் செய்கிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதி, குடல், பித்தப்பை இவற்றின் சுவரிலும் அதே ரகத் தசைதான் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுகிற ஹார்மோன் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை, எல்லாவற்றையும் சேர்த்தே தளர்த்திவிடுகிறது. குடல் மெதுவாக நகர்கிறது. அப்படி மெதுவாக நகரும்போது பெருங்குடல் மலத்திலிருந்து கூடுதலாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, அது இறுகிவிடுகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாவுக்கும் உணவைப் புளிக்க வைக்க நிறைய நேரம் கிடைக்கிறது, காற்று சேர்கிறது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கிற தசை வளையம் கயிறு தளர்ந்த சுருக்குப்பை மாதிரி ஆகிவிடுவதால் அமிலம் மேலே ஏறி வருகிறது. கடைசி மூன்று மாதத்தில் வளர்ந்த கர்ப்பப்பை இரைப்பையை மேல் நோக்கி நெருக்கவும் ஆரம்பிக்கும். ஆக, எரிச்சல், உப்புசம், சிக்கல் மூன்றும் தனித்தனித் தொந்தரவாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே காரணம்தான், உடம்பு தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. நாம் மட்டும் பழைய வேகத்துக்கே பழைய அளவிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எப்படி ஒத்துப்போகும்?

குமட்டல் மட்டும் கொஞ்சம் வேறு கதை. பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கிவிடும். சிலருக்குக் கடைசி வரைக்கும் இருக்கும். "எல்லாம் மனசுதான் காரணம், வேலையில் கவனம் வைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்: 2023 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனை மசக்கையின் முக்கியக் காரணமாகக் காட்டியது. கரு மற்றும் நஞ்சுக்கொடியின் பக்கமிருந்து இது தாயின் ரத்தத்துக்கு வருகிறது, மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்னால் உடம்பில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்கள் அதற்குப் பழகியிருக்க மாட்டார்கள், அதனால் திடீரென்று ஏறும்போது கடுமையாக அடிபடுகிறார்கள். அந்த ஆய்வில் முக்கியப் பங்கு வகித்த மார்லீனா ஃபெய்ஸோ, தானே கடும் வாந்தியால் பாதிக்கப்பட்டுக் கருவையும் இழந்தவர். மனசு தைரியமாக இருந்தால் வாந்தி வராது என்று இனிமேல் யாராவது சொன்னால் ஹார்மோன் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

குமட்டலுக்கும் நேரக்கணக்கு வேலை செய்யும். காலி வயிறுதான் இதற்குப் பெரிய எதிரி. காலையில் எழுந்து உட்காருவதற்கு முன்னாலேயே, படுக்கை ஓரத்தில் வைத்திருக்கிற உலர்ந்த பிஸ்கட் அல்லது ரொட்டித் துண்டு ஏதாவது ஒன்றைக் கடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக எழுவது நல்லது. பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் நடுவில் தனியாக, அதுவும் ஒரே மூச்சில் குடிக்காமல் வாய் வாயாக. சூடான உணவைவிட ஆறிய உணவில் வாசனை குறைவு, அதனால் பலருக்கு அது இறங்கும். இஞ்சி சிலருக்குக் கேட்கும், எனக்குக் கேட்டது, ஆனால் நெஞ்செரிச்சலும் கூடவே இருந்தால் அதே இஞ்சி எரியவும் செய்யலாம். இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் வைட்டமின் பி6, தேவைப்பட்டால் அதோடு டாக்சிலமின் சேர்ந்த மாத்திரை என்று டாக்டர் எழுதித் தருவார். நெடுங்காலமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து, ஆனால் தூக்கம் வரும், அதனால் பெரும்பாலும் இரவில் தொடங்குவார்கள். ஆரம்ப மாதங்களில் இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டுகிறது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாளைக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரும்பைத் தள்ளிப் போடலாமா என்று அவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்வார்.

பல் விஷயம் ஒன்று. வாந்தி எடுத்ததும் ஓடிப்போய் பல் தேய்க்கத்தான் கை பரபரக்கும். தேய்க்காதீர்கள். அமிலம் பட்டு இளகியிருக்கிற எனாமலைப் பிரஷ் இன்னும் தேய்த்துவிடும். ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி நேரமாவது கழித்துத் தேய்த்தால் போதும். (கொப்பளிக்க மட்டும்தான். குடிப்பதற்கு இல்லை, அதற்குக் கீழே வருகிறேன்.)

தண்ணீர்கூடத் தங்கவில்லை, 24 மணி நேரமாக எது போனாலும் திரும்பி வருகிறது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகிறது அல்லது எட்டு மணி நேரமாகப் போகவே இல்லை, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, எடை குறைந்துகொண்டே வருகிறது என்றால் அது வீட்டிலிருந்து சமாளிக்கிற மசக்கை கிடையாது. கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்துவிட்டால் அதைக் கடும் வாந்தி நோய் என்ற கணக்கில்தான் பார்ப்பார்கள். டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். போய்விடுங்கள்.

சரி, நெஞ்செரிச்சல். என்னைப் பொறுத்தவரை இதுதான் ராத்திரித் தூக்கத்தைத் தின்ற ஆசாமி. பகலில் எப்படியோ சமாளித்துவிடலாம், படுத்ததும் தொண்டை வரைக்கும் புளிப்பு ஏறும். இதற்கு நான் மாற்றியதில் முதலாவது இரவுச் சாப்பாட்டு நேரம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும், அந்தச் சாப்பாடும் அன்றைய நாளின் சின்னச் சாப்பாடாக இருக்க வேண்டும். வேலை முடிந்து தாமதமாக வருகிறவர்களுக்கு இது கஷ்டம்தான், அப்படியென்றால் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் பிரித்துவிட்டு இரவுக்குப் பெயருக்கு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். நடு ராத்திரி பசித்தால்? கர்ப்பத்தில் பசிக்கத்தான் செய்யும். கொழுப்பு இல்லாத ஏதோ ஒன்றைக் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே சாயாமல் உட்கார்ந்திருங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, கட்டில். தலையணையை மூன்று நான்கு அடுக்கினால் உயரம் கிடைத்துவிடும் என்று தோன்றும், ஆனால் அப்படிச் செய்யும்போது கழுத்தும் இடுப்பும்தான் மடங்குகின்றன, வயிறு இன்னும் அழுந்துகிறது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால் உடம்பு முழுக்கச் சரிவாகப் படுக்கும். கட்டிலை அசைக்க முடியாது என்றால் இடுப்பிலிருந்து சரிவாக எழும் முக்கோண மெத்தை கிடைக்கிறது. மூன்றாவது, இடது பக்கம் திரும்பிப் படுப்பது. இரைப்பை உடம்பின் இடது பக்கம் தொங்குகிற உறுப்பு, அந்தப் பக்கம் சாய்ந்தால் அமிலம் அதன் அடிப்பகுதியில் தேங்கிவிடும், உணவுக்குழாயின் வாய் மேலே நிற்கும். வலது பக்கம் படுத்தால் நேர் எதிர். எப்படியும் 28 வாரத்துக்கு மேல் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துத் தூங்கச் சொல்கிறார்கள், குழந்தைக்குப் போகிற ரத்த ஓட்டத்துக்காக. ஆகையால் இதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டோமே என்று விழித்துக்கொண்டு பயப்பட வேண்டாம், மறுபடி திரும்பிப் படுத்தால் போதும்.

உணவில் எதை விடுவது என்று கேட்டால், பொதுவாகச் சொல்லப்படுகிற பட்டியல் எண்ணெயில் பொரித்தது, அதிகக் காரம், புளிப்புப் பழங்கள், தக்காளி, சாக்லேட், காபி. ஆனால் எல்லாரும் எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை. எனக்குக் காரம் ஒன்றும் செய்யவில்லை, ஆரஞ்சுச் சாறு மட்டும் கொன்றுவிட்டது. ஒரு வாரம் எழுதி வைத்துப் பாருங்கள், உங்கள் குற்றவாளி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஏற்கனவே சாப்பிட முடியாமல் தவிக்கிற நேரத்தில் பட்டியலில் இருக்கிற எல்லாவற்றையும் விலக்கினால் என்னதான் மிஞ்சும்?

"இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்பதும் நெஞ்செரிச்சலின் கூட்டாளிதான். முதல் மூன்று மாதம் கூடுதல் கலோரியே தேவையில்லை. இரண்டாவது மூன்று மாதத்தில் நாளுக்கு ஏறக்குறைய 340 கலோரி, கடைசி மூன்று மாதத்தில் 450 கலோரி அதிகமாக வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்கப் பரப்பினால் அது ஒரு நல்ல சிற்றுண்டி, கொஞ்சம் பழம். இன்னொரு முழுச் சாப்பாடு கிடையாது.

நெஞ்செரிச்சல் இருந்தால் குழந்தைக்கு முடி நிறைய இருக்கும் என்று சொல்வார்கள் இல்லையா, அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்தப் பேச்சைப் பொய்யென்று நிரூபிக்கலாம் என்றுதான் 64 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். 2006-இல் முடிவு வந்தபோது, எரிச்சல் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்த 28 பேரில் 23 பேருக்குச் சராசரியோ அதற்கு மேலோ முடியுள்ள குழந்தை, எரிச்சலே இல்லாத 12 பேரில் 10 பேருக்கு முடி குறைந்த குழந்தை. ஈஸ்ட்ரோஜன் போன்ற கர்ப்ப ஹார்மோன்கள் இரண்டு வேலையையும் செய்யலாம் என்று அவர்கள் கருதினார்கள். 64 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, இதை வைத்துச் சீப்பு வாங்கிவிட வேண்டாம். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்குத் தொண்டை எரியும்போது நினைத்துக்கொள்ள நன்றாகத்தான் இருக்கும்.

மருந்து என்று வந்தால், "கர்ப்பத்தில் ஒரு மாத்திரையும் கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதும் வேண்டாம், கடையில் கேட்டு எதையாவது வாங்கிக் குடிப்பதும் வேண்டாம். கால்சியம் கார்பனேட் உள்ள ஆன்டாசிட் (அமிலத்தைத் தணிக்கிற மருந்து), இரைப்பையில் இருக்கிற உணவின் மேல் நுரைபோல் மிதந்து அமிலத்தைத் தடுக்கிற ஆல்ஜினேட் திரவம், இவைதான் வழக்கமாக முதலில் கொடுப்பது. அதற்கும் கேட்கவில்லை என்றால் ஃபாமோடிடின், ஓமெப்ரசோல் மாதிரி அமிலச் சுரப்பைக் குறைக்கிற மருந்துகளை டாக்டர் தருவார். ஆல்ஜினேட்டைச் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கப் போகும்போதும் குடிக்க வேண்டும், வெறும் வயிற்றில் குடித்தால் அது மிதக்க எதுவும் இல்லை. சமையல் சோடாவைக் கரைத்துக் குடிப்பதும், அதே சோடியம் பைகார்பனேட்டை வைத்துப் பொங்குகிற உப்புப் பொடியைக் குடிப்பதும் கர்ப்பத்துக்கு ஆகாது. சோடியம் ஏறும், நீர் கோர்க்கும், ரத்தத்தின் காரத்தன்மை மாறும். பிஸ்மத் சப்சாலிசிலேட் என்று எழுதியிருக்கும் வயிற்று மருந்தும் வேண்டாம், அதில் ஆஸ்பிரின் குடும்பத்துப் பொருள் இருக்கிறது. அப்புறம் மிக முக்கியமான பெயர் ஒன்று: மிசோப்ரோஸ்டால். வயிற்றுப் புண்ணுக்கான மாத்திரையாகவும், மூட்டுவலி மாத்திரையோடு சேர்த்தும் வருகிறது, கர்ப்பப்பையைச் சுருக்கிக் கருவைக் கலைத்துவிடக்கூடியது. வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த "வயிறு மாத்திரை" என்று எதையும் எடுத்துப் போடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு பெயர் போதும்.

உப்புசத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேகமாக விழுங்கினால் காற்றும் உள்ளே போகும், மென்று சாப்பிடுங்கள். கேஸ் நிரப்பின குளிர்பானத்தை விடுங்கள். பயறு, பருப்பு வகைகளை நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேக வைத்தால் தொல்லை குறையும். சாப்பிட்டதும் பத்து நிமிடம் மெதுவாக நடந்தாலும் நன்றாகக் கேட்கும். பெல்ட், இறுக்கமான நாடா எதுவும் வயிற்றுக்கு மேல் வேண்டாம். ஏப்பமும் காற்றும் வருவதற்கு வெட்கப்பட்டு அடக்குவது வலியைத்தான் கூட்டும், குடும்பத்துக்கு இரண்டு நாளில் பழகிவிடும்.

மலச்சிக்கலுக்கு மட்டும் நிறைய இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. எனக்குப் பிரசவத்தைப் பற்றி அக்கறையாக விசாரித்த பெண்களில் ஒருவர்கூட இதைப் பற்றி எச்சரிக்கவில்லை. கேட்டால் எல்லாருக்கும் இருந்திருக்கிறது!

குடல் மெதுவாவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நாம் விழுங்குகிற மாத்திரைகள். கர்ப்பிணிகள் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதில் உடம்பு உறிஞ்சுவது கொஞ்சம்தான், மீதி குடலிலேயே தங்கி மலத்தைக் கறுப்பாக்கி இறுக்குகிறது. (கறுப்பு நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான். ஆனால் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு துர்நாற்றத்தோடு போனாலோ சிவப்பாக ரத்தம் வந்தாலோ காட்ட வேண்டும்.) கால்சியம் மாத்திரையும் சிலருக்குக் கட்டும். வாந்திக்குக் கொடுக்கிற ஆன்டான்செட்ரான் நன்றாகவே கட்டும். அலுமினியம் உள்ள ஆன்டாசிட் கட்டும், மக்னீசியம் உள்ளது இளக்கும். ஒன்றுக்குக் கொடுத்த மருந்து இன்னொன்றைக் கிளப்பிவிடுகிற இந்தச் சங்கிலியை டாக்டர் கவனிக்கவில்லை என்றால் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேஜை மேல் வைத்துவிடுவது சுலபமான வழி.

இங்கேதான் அந்த டைம்டேபிள் வருகிறது. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. ஆன்டாசிட்டும் அப்படித்தான். டீ, காபியும் அப்படித்தான். ஆக இரும்புக்கும் இவற்றுக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரும்பு, கால்சியம் இரண்டையுமே அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். இதையெல்லாம் கணக்குப் போட்டால் நாளே தீர்ந்துவிடும்போல இருக்கும், ஆனால் ஒருமுறை எழுதி ஒட்டிவிட்டால் பிறகு யோசிக்க வேண்டாம். எனக்கு ஒத்துவந்தது: காலையில் எழுந்ததும் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், இரவு படுக்கப் போகும் முன் வைட்டமின் சி உள்ள ஏதாவது பழத்தோடு இரும்பு. நெஞ்செரிச்சல் அதிகமாக இருக்கிறவர்களுக்கு இரவு இரும்பு ஒத்துவராமல் போகலாம், அவர்கள் முன்மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். இரும்பின் பக்கவிளைவை எப்படியும் தாங்க முடியவில்லை என்றால் மாத்திரையை ரகசியமாகக் குப்பையில் போடாதீர்கள். அளவைக் குறைக்கலாம், வேறு வகை இரும்பு மாத்திரைக்கு மாறலாம், இடைவெளி விட்டுப் போடலாம், ரத்தசோகை அதிகம் என்றால் ரத்தக்குழாய் வழியாகவே ஏற்றலாம், வழிகள் இருக்கின்றன. சொன்னால்தானே அவர்களுக்கும் தெரியும்.

நார்ச்சத்து ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். முழுதானியம், தோலோடு பழம், காய்கறி, பயறு, உலர்ந்த பிளம்ஸ் எல்லாம் இதில் வரும். ஆனால் நாளைக்கே எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டால் உப்புசத்தில் வெடித்துவிடுவோம், இரண்டு வாரத்தில் மெதுவாக ஏற்றுங்கள். கூடவே தண்ணீர், நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு டம்ளர். தண்ணீர் இல்லாத நார் குடலில் அடைப்பாகத்தான் போய் நிற்கும், இசப்கோல் உமி சாப்பிடுகிறவர்கள் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். பிறகு, கழிவறைக்குப் போவதற்கும் ஒரு நேரம். சாப்பிட்டதும் பெருங்குடல் இயல்பாகவே ஒருமுறை அசையும், காலை உணவுக்குப் பிறகு அது பலமாக இருக்கும். அந்த நேரத்தைப் போனுக்கோ அவசரத்துக்கோ கொடுத்துவிடாமல் போய் உட்காருங்கள். நாற்காலி மாதிரி உள்ள கழிவறை என்றால் பாதத்துக்குக் கீழே சின்ன முக்காலி வைத்து முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து. முக்க வேண்டாம், வரவில்லை என்றால் எழுந்து வந்துவிட்டு அடுத்த சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முக்கி முக்கித்தான் மூலம் வருகிறது. வந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருவதும் குளிர்ந்த ஒத்தடமும் இதம் தரும், பூசுகிற மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால் மாதிரி மலத்தில் தண்ணீரைத் தக்கவைத்து இளக்குகிற மருந்துகளை டாக்டர் எழுதித் தருவார். இவை ரத்தத்தில் பெரிதாகக் கலப்பதில்லை. விளக்கெண்ணெய் மட்டும் கூடவே கூடாது, அது கர்ப்பப்பையையும் கிளப்பிவிடும்.

இனி, மேலே சொன்ன எதிலும் சேராத வலிகள். "கேஸாகத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவதுதான் கர்ப்பத்தில் ஆபத்தான வாக்கியம். 20 வாரத்துக்குப் பிறகு வலது பக்க விலா எலும்புக்குக் கீழே, அல்லது மேல் வயிற்றின் நடுவில் விடாத வலி வந்தால், அதுவும் கூடவே கடுமையான தலைவலி, கண் மங்கல், கண் முன் பூச்சி பறப்பது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது இருந்தால், அது ரத்த அழுத்தம் ஏறிக் கல்லீரல் பாதிக்கப்படுகிற நிலையாக இருக்கலாம். அமில எரிச்சல் மாதிரியே தெரியும், ஆன்டாசிட் கேட்காது. அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போய் ரத்த அழுத்தம், சிறுநீர், ரத்தம் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைகூட இது வரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

பித்தப்பையும் மெதுவாகிவிட்டது என்று சொன்னேன் அல்லவா, அதனால் கல் சேருவதும் கர்ப்பத்தில் அதிகம். எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்டபின் வலது மேல் வயிற்றில் பிடித்து முதுகுக்கோ தோளுக்கோ பரவும் வலி அப்படிப்பட்டது. உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு எதுவும் இல்லாமல் அரிப்பு, முக்கியமாக இரவில், என்றால் கல்லீரலில் பித்தம் தேங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஆரம்ப வாரங்களில் ஒரு பக்கம் குத்தும் வலி, ரத்தக்கசிவு, தோள் நுனியில் வலி, மயக்கம் என்றால் கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம், தாமதிக்கவே கூடாது. வலது அடிவயிற்றில் வலி கூடிக்கொண்டே போய்க் காய்ச்சலும் சேர்ந்தால் குடல்வாலாக இருக்கலாம். 37 வாரத்துக்கு முன்னால் வயிறு விட்டு விட்டு ஒரே சீராக இறுகுவதும், இடுப்பு வலியும், பேதி மாதிரி வயிறு கலக்குவதும் சேர்ந்து வந்தால் குறைமாதப் பிரசவ வலியா என்று பார்க்க வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு "கேஸ்தான்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். எனக்கும் ஒரு நடு ராத்திரி அப்படி அனுப்பினார்கள், போனதற்காக நான் ஒரு நிமிடமும் வருத்தப்படவில்லை.

டாக்டரிடம் "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் "இதெல்லாம் சகஜம்தான்" என்ற பதில்தான் வரும், எனக்கும் வந்தது. "ராத்திரி தூங்க முடியவில்லை, வாரத்தில் நான்கு நாள் புளிப்பு தொண்டை வரை வருகிறது", "மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போகிறேன், ரத்தம் தெரிகிறது" என்று சொல்லிப் பாருங்கள். பேனாவைக் கையில் எடுப்பார்கள்.

முதல் குழந்தை என்றால் கடைசிச் சில வாரங்களில் தலை இடுப்புக்குள் இறங்கும்போது மேல் வயிறு கொஞ்சம் லேசாகும், சாப்பாடும் மூச்சும் சுலபமாகும், அதற்குப் பதிலாக பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கும். நெஞ்செரிச்சல் பெரும்பாலும் பிரசவத்தோடு ஓடிப்போய்விடும். எனக்கு அடுத்த நாளே இல்லை. மலச்சிக்கல் அவ்வளவு நல்ல மனசுக்காரன் இல்லை. தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம், வலி மாத்திரை, தொடர்ந்து சாப்பிடுகிற இரும்பு, பால் கொடுப்பதால் உடம்பில் குறைகிற தண்ணீர் எல்லாம் சேர்ந்து முதல் வாரத்தில் இன்னும் மோசமாகலாம். லாக்டுலோஸைப் பால் கொடுக்கும்போதும் குடிக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் இளக்கி மருந்து ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்து, இல்லையென்றால் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.